புக்கு முதல்ல, தகடு அப்புறம்: பழைய பஸ்ஸை வீடாக்குறது பத்தி செங்கோட்டை அண்ணாச்சி பதில்கள்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு பதில்ல பேச்சோட பேச்சா, நான் வாங்கின பழைய ஸ்கூல் பஸ்ஸைப் பிரிச்சி வீடாக்கி புளியரை ஏறி ஆரியங்காவு தென்மலை வழியா கொல்லம் வரைக்கும் போயி நாலு நாள் தங்கிட்டு வந்தேன்னு எழுதிட்டேன். அவ்ளோதான், அதுக்கப்புறம் ரேடியேட்டர் சூடாகுது கிளட்ச் வழுக்குதுன்னு கேக்குற ஆளுகளையே காணோம், எல்லாரும் பஸ்ஸு பஸ்ஸுன்னே எழுதுறாவ. சரி, இந்தத் தடவை முழுக்க அதையே பேசிருவோம். முப்பது வருசம் பஸ் பாடி வேலை பாத்தவன்ங்கிற உரிமைல சொல்லுதேன், சில பதில் கொஞ்சம் கடுப்பா இருக்கும், கோவிச்சுக்கிடாதீங்க.

அண்ணாச்சி, அரசு பஸ்ஸை கண்டம் பண்ணி (இனி ஓட லாயக்கில்லன்னு ஒதுக்கி) ஏலம் விடுறாங்கல்ல, அதுல ஒண்ணை சல்லிசா எடுத்து மாத்தலாம்னு இருக்கேன். எங்க பக்கத்து டிப்போல ஓரமா மூணு நிக்குது, பாக்கவே ஆசையா இருக்கு. சரியா வருமா?
— கடையநல்லூர் வாசகர்

ஆசைய டிப்போ காம்பவுண்டு சுவத்துக்கு இந்தப் பக்கமே வச்சிட்டு வந்துருங்க தம்பி. 2023 ஏப்ரல் 1ல இருந்து 15 வருசம் முடிஞ்ச அரசு வண்டி எதுக்கும், போக்குவரத்துக் கழக பஸ்ஸும் சேத்துதான், ஆர்.சி. (பதிவுச் சான்று, நம்ம பேச்சுல புக்கு) புதுப்பிக்க மாட்டாங்க, பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்துக்குப் போயி நசுக்குறதுதான் அதுக்கு முடிவு. முன்னாடியாவது எடுத்து கோழிப்பண்ணைக்கு ஷெட்டு போட்டாவ, டீக்கடை ஆக்குனாவ. ரோட்டுல ஓட்டணும்னா புக்கு வேணும், புக்கு இல்லாத பஸ்ஸு வெறும் தகடு. ஓடவே வேண்டாம், நிறுத்தி வச்சி படுத்தா போதும்ங்கிறது வேற கதை, மூணாறு டிப்போல கேரளா கே.எஸ்.ஆர்.டி.சி. 2020 கடைசில பழைய பஸ்ஸுக்குள்ள படுக்கை போட்டு ராத்திரிக்கு ஆளுக்கு 100 ரூபான்னு விட்டாங்க, அது நல்ல யோசனை. ஆனா அது ஓடாத வண்டி, நீங்க கேக்குறது ஓடுற வண்டி. தனியார்கிட்ட, முக்கியமா ஸ்கூல் காலேஜ்கிட்ட தேடுங்க.

அண்ணாச்சி வணக்கம், ஸ்கூல் பஸ்ஸா, மினி பஸ்ஸா, ஆம்னி பஸ்ஸா எது வாங்கலாம்? வாங்கப் போறப்ப என்னென்ன பாக்கணும்? எனக்கு பைக்கைத் தவிர ஒண்ணும் தெரியாது, புரோக்கர் ஒருத்தர் லேலண்டு பெரிய வண்டி ஒண்ணு கம்மி விலைக்கு காட்டுறாரு.
— தென்காசி வாசகர்

பெரிய வண்டி கம்மி விலைக்குத்தான் வரும், ஏன்னா வாங்க ஆள் கிடையாது. பெரிய லேலண்டு வாங்குனா வீடு மாதிரி இருக்கும், வாஸ்தவம்தான், ஆனா அந்த வீட்டை அச்சன்கோவில் ரோட்டுல எதிர்க்க ஒரு பஸ்ஸு வரும்போது பின்னாடி எடுக்கணுமே, அத யோசிங்க. டீசல் லிட்டருக்கு நாலு அஞ்சு கிலோமீட்டர்தான் குடுக்கும். ஆறு டயர் மாத்துனா ஒரு பழைய கார் விலை. ரெண்டு பேரு மூணு பேரு போறதுக்கு டாடா 709 மாதிரி, ஐஷர்ல சின்னது மாதிரி, ஸ்வராஜ் மஸ்தா மாதிரி இருவத்தஞ்சு முப்பது சீட்டு வண்டி போதும், தாராளம். என் 709 ஏழு ஏழரை குடுக்குது.

ஸ்கூல் பஸ்ஸுல ஒரு நல்லது என்னன்னா ஓட்டம் கம்மி, காலைல சாயங்காலம் மட்டும்தான், லீவுல சும்மா நிக்கும். கெட்டதும் அதுதான், சும்மா நின்னு நின்னு துருப்பிடிக்கும், பிள்ளைங்க தண்ணி பாட்டில கொட்டிக் கொட்டி தரை பிளைவுட் உளுத்துப் போயிருக்கும். ஆம்னி பஸ்ஸு வெளிய மினுமினுங்கும் உள்ள இன்ஜின் ராவும் பகலும் ஓடி செத்திருக்கும். கொல்லம் ஆலப்புழை பக்கம் கடலோரம் ஓடின வண்டின்னா எவ்ளோ குறைச்சு குடுத்தாலும் அடிய பாக்காம வாங்காதீங்க, உப்புக்காத்து தின்னுருக்கும்.

பாக்குற முறை சொல்லுதேன். காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி போயி நிக்கணும். போன் போட்டு சொல்லிட்டுப் போனீங்கன்னா விக்கிறவர் முன்னாடியே ஓட்டி சூடு பண்ணி வச்சிருப்பாரு. இன்ஜினைத் தொட்டுப் பாருங்க, சுட்டுதுன்னா சிரிச்சிக்கிட்டே ஒரு டீயக் குடிச்சிட்டு நாளைக்கு வாரேன்னு கிளம்பிருங்க. ஜில்லுனு இருந்து ரெண்டே சுத்துல பிடிச்சா நல்ல வண்டி. ஓட விட்டு ஆயில் ஊத்துற மூடிய கழட்டுனா புகை குபுகுபுன்னு வந்து மூஞ்சில அடிக்கக்கூடாது, அது பேக் கம்ப்ரஷன், இன்ஜினுக்குள்ள ரிங்கு லைனர் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம், இன்ஜினை இறக்கணும். அப்புறம் ஒரு சின்ன சுத்தியல எடுத்துக்கிட்டு அடில படுங்க, வெட்கப்படாதீங்க. லாங் மெம்பர், அதான் வண்டிய தாங்குற நீள இரும்புச் சட்டம், அது நெடுகத் தட்டிட்டே வாங்க, டங்குன்னு சத்தம் வந்தா சரி, பொத்துன்னு வந்தா துரு. வெல்டிங் போட்ட தடம் இருந்தா வண்டி எங்கியோ விழுந்து எந்திரிச்சிருக்கு. பேட்டரி பெட்டி பக்கம், படிக்கட்டு ஓரம், பின் சக்கரத்துக்கு மேல, இந்த மூணு இடத்துலதான் முதல்ல ஓட்டை விழும்.

வருசம் எதுன்னு கேப்பீங்க. பி.எஸ்.ங்கிறது புகைக்கு அரசாங்கம் வச்ச அளவு. 2017 மார்ச் வரைக்கும் வந்த பி.எஸ். 3 வண்டில முக்கால்வாசி பழைய மாதிரி டீசல் பம்ப்பு, எந்த பட்டிக்காட்டு மெக்கானிக்கும் கை வைப்பான். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 கையில காசுள்ளவங்களுக்கு, அதுல சென்சார் கோவிச்சுக்கிச்சுன்னா வண்டி நடுக்காட்டுல ஆமை வேகத்துக்கு வந்துரும். 2012ல இருந்து 2017க்குள்ள பாருங்க, ஆனா சொந்த உபயோகத்துக்கு மாத்துனா முதல் பதிவுல இருந்து 15 வருசம்தான் கணக்கு, அப்புறம் அஞ்சு அஞ்சு வருசமா புதுப்பிக்கணும். அதனால 2012 வண்டிக்கும் 2016 வண்டிக்கும் விலை வித்தியாசம் ஐம்பதாயிரம்தான்னா கண்ண மூடிக்கிட்டு 2016.

வணக்கம். நான் ரிட்டயர்டு டீச்சர், நானும் வீட்டுக்காரரும் பிள்ளைங்க வெளிநாடு போனப்புறம் தனியாத்தான் இருக்கோம். கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் பஸ் விலைக்கு வருது, நாங்க இருக்கறது பாலக்காடு ஜில்லா. பேப்பர் எல்லாம் எங்க மாத்தறது? கேரளால ரொம்ப ஸ்ட்ரிக்ட்டாமே, சொந்தக்காரங்க எல்லாம் பயமுறுத்தறாங்க.
— கொழிஞ்சாம்பாறை வாசகி

டீச்சரம்மா, இந்த இதழ்ல உருப்படியான கேள்வி உங்களதுதான், எல்லாரும் கட்டிலு அளவு கேக்காவ, நீங்க ஒருத்தர்தான் புக்கைப் பத்தி கேட்டிருக்கீங்க.

பயமுறுத்துறவங்க சொல்றது பொய் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரம் ஆர்.சி.ல என்ன இருக்கோ அதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டு அத உறுதி பண்ணுச்சு, அந்தக் கேஸே கேரளால இருந்து போன கேஸ்தான். அதே வருசம் சட்டத்தைத் திருத்தி, அனுமதி இல்லாம மாத்துனா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லாட்டி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில்னும் வச்சிட்டாவ. ஒவ்வொண்ணுக்கும்ங்கிறத கவனிங்க. 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல ரெண்டு வீடியோ போடுற சகோதரர்களோட வேனை ஆர்.டி.ஓ. பிடிச்சி வச்சி பெரிய ரகளையே ஆச்சு, நீங்களும் டிவில பாத்திருப்பீங்க. ஆனா மாத்தவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல, சொல்லிட்டு மாத்தணும். வீடு வண்டிக்கு, அதாவது மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ். 124னு ஒரு விதிமுறையே இருக்கு, அதுல சீட்டும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம், இது நாலும் இருக்கணும், கழட்டி மாட்டுற மாதிரி இல்லாம வண்டியோட இறுக்கியிருக்கணும், மேசைய மட்டும் கழட்டலாம். மெத்தைய விரிச்சிட்டு ஸ்டவ்வ ஓரமா வச்சிட்டா கேரவன் ஆயிராது.

வரிசை இது. அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி வண்டி நம்பரை எம்-பரிவாகன்ங்கிற அரசு ஆப்ல போட்டுப் பாருங்க, எஃப்.சி. (தகுதிச் சான்று) எப்ப முடியுது, இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, டாக்ஸ் பாக்கி, செல்லான் பாக்கி, ஃபைனான்ஸ் இருக்கா எல்லாம் தெரிஞ்சிரும். ஃபைனான்ஸ் இருந்தா பாரம் 35ல ரத்து பண்ண வைங்க, கடன் முடிஞ்சிருச்சும்மான்னு வாயால சொல்றத நம்பாதீங்க. காலேஜ் பஸ்ஸுக்கு பெர்மிட் இருக்கும், அத விக்கிறவங்களே சரண்டர் பண்ணித் தரணும், இத அக்ரிமெண்ட்ல எழுதி வாங்கிருங்க, இல்லாட்டி அந்த மேனேஜர் பின்னாடி ஆறு மாசம் அலையணும், நான் அலைஞ்சேன். பேர் மாத்த பாரம் 29, 30. வேற மாநிலத்துக்குப் போறதால பாரம் 28ல என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று). ஒரு மாநில வண்டி இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா அங்க மறுபதிவு பண்ணியே ஆகணும்ங்கிறது சட்டம், அதனால தமிழ்நாடு நம்பர்லயே பாலக்காட்டுல வச்சிக்கிட்டு ஓட்டுறேன்ங்கிறதெல்லாம் வேண்டாம்.

இப்ப என் அபிப்பிராயம். வண்டி கடைசில எங்க இருக்கப் போகுதோ அந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் முதல்ல பேசணும். ஒரு பேப்பர்ல கட்டில் எங்க, ஸ்டவ் எங்க, சீட்டு எத்தனை, எமர்ஜென்சி டோர் எங்கன்னு படம் போட்டு கொண்டு போயி மோட்டார் வெஹிக்கிள் இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுங்க, ஒப்புதலை எழுத்துல வாங்குங்க, அப்புறம் ஸ்பேனரை எடுங்க. கரூர்ல பாடி கட்டுறவங்க பல பேருக்கு இந்த நடைமுறை பழக்கம்தான், அனுபவம் உள்ள இடத்துல குடுத்தா சர்டிபிகேட்டோட வண்டி வரும். முடிஞ்சதும் புக்குல பாடி டைப்பு, சீட்டு எண்ணிக்கை, நிறம் மூணும் மாறியிருக்கான்னு பாத்துட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் போடுங்க, போடாம விட்டா ஒண்ணு நடந்தா க்ளெய்ம் கிடைக்காது. அப்புறம் அந்த மஞ்சக் கலரு, பஸ்ஸு சைடுல இருக்குற காலேஜ் பேரு, ரெண்டையும் மறக்காம அழிச்சிருங்க. நான் ஒரு பக்கம் அழிக்க மறந்து ஒரு மாசம் ஓட்டுனேன், ஸ்டாப்புல எல்லாம் பிள்ளைங்க கை காட்டுச்சு.

அண்ணே, நான் குமுளில ஏலக்கா யாவாரம் பண்றேன். வண்டி வாங்கியாச்சு, 26 சீட்டு. எங்க ஆசாரி உள்ள பூராம் தேக்கு மரத்துலயே பண்ணித் தாரேங்கிறாரு, வீடு மாதிரி நிக்கும்ங்கிறாரு. தண்ணி டேங்க் 500 லிட்டரை கூரை மேல போட்டா மோட்டாரே வேண்டாம்னு எனக்கு ஒரு யோசனை. நீங்க என்னண்ணே சொல்றீங்க?
— குமுளி வாசகர்

ஆசாரி கைய கொஞ்சம் பிடிச்சிக்கிடுங்க தம்பி, டேங்கை கூரைல இருந்து இறக்குங்க, அப்புறம் பேசுவோம்.

வண்டி எவ்ளோ தாங்கும்ங்கிறத நீங்க முடிவு பண்ண முடியாது, கம்பெனி முடிவு பண்ணியாச்சு. 26 சீட்டு, ஆளுக்கு 65 கிலோன்னு வச்சா 1,690 கிலோ, அதோட கழட்டுன சீட்டு எடை. அதுதான் உங்களுக்கு மொத்தமா கிடைச்ச ரேஷன். அதுல எல்லாம் அடங்கணும். பதினெட்டு எம்.எம். பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட்டு ஒண்ணு 35 கிலோ வரும், பத்து ஷீட்டு போட்டா 350 போச்சு. தேக்கு போட்டா கேக்கவே வேண்டாம். வீட்டுல வைக்கிற டியூபுலர் பேட்டரி ஒண்ணு 50 கிலோவுக்கு மேல, அதே வேலை செய்யுற லித்தியம் 100 ஆம்பியர் பேட்டரி 12 கிலோ பக்கம்தான். தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, இதுல பேரம் பேச முடியாது. 500 லிட்டர் அரை டன், அத தலைக்கு மேல வச்சிக்கிட்டு லோயர் கேம்ப் மலைல வளைஞ்சீங்கன்னா தண்ணி ஒரு பக்கம் ஓடும் வண்டியும் அது பின்னாடியே போகும்.

என் கூத்தைக் கேளுங்க. முதல் தடவை நான் 300 லிட்டர் டேங்கை பின் ஆக்சிலுக்கும் (பின் சக்கர அச்சு) பின்னாடி இடது பக்கம் போட்டேன், ஏன்னா அங்கதான் இடம் இருந்துச்சு. சமையல் மேடையும் இடது பக்கம். ரெண்டு டியூபுலர் பேட்டரியும் ஒயர் கம்மியா போகும்னு அதே பக்கம். பாடி வேலையே பாத்தவன், அடுத்தவன் வண்டினா சொல்லியிருப்பேன், சொந்த வண்டினா கண்ணு தெரியல. புளியரை எஸ் வளைவுல சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறுறேன், டமார்னு ஒரு சத்தம், பின்னாடி இடது மெயின் பட்டை, அதான் வண்டிய தாங்குற ஸ்பிரிங் பட்டை, துண்டு. எம்-சாண்டு ஏத்துன லாரி பூராம் எனக்குப் பின்னாடி நிக்குது, ஹாரன் சத்தத்துல மலையே ஆடுது. ஆனா ஒண்ணு சொல்லணும், ஹாரன் அடிச்ச அதே லாரிக்காரங்கதான் இறங்கி வந்து, பெரிய ஜாக்கி குடுத்து, கட்டை குடுத்து வண்டிய ஓரமா ஒதுக்கித் தந்தாவ. வீட்டுக்காரி உள்ள அடுப்பைப் பத்த வச்சி பதினஞ்சு பேருக்கு கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தா, அந்த வண்டில அவ பண்ணின முதல் சமையல் அதுதான். செங்கோட்டைல இருந்து பட்டை வந்து மாட்டி முடிக்க ராத்திரி ரெண்டு மணி.

அதுக்கப்புறம் டேங்கை 150 லிட்டராக் குறைச்சி ரெண்டு ஆக்சிலுக்கு நடுவுல தரைக்குக் கீழ தொங்க விட்டேன், பன்னெண்டு வோல்ட் சின்ன பம்ப்பு ஒண்ணு போட்டா குழாய் திறந்ததும் தண்ணி வருது. பேட்டரி வலது பக்கம் போச்சு. எடைமேடைல மூணு தடவை ஏத்தணும் தம்பி, முழு வண்டி ஒரு தடவை, முன் சக்கரம் மட்டும் ஒரு தடவை, ஒரு பக்கத்துச் சக்கரம் மட்டும் ஒரு தடவை. வேலை பாதில இருக்கும்போதே ஏத்துங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் ஏத்தி என்ன பிரயோஜனம். தேக்கு ஆசை விடலேன்னா சாப்பாட்டு மேசை ஒண்ண மட்டும் தேக்குல பண்ணச் சொல்லுங்க, ஆசாரியும் மனசு நோகாம இருப்பாரு.

நீங்க கேக்கல, ஆனா கேக்க வெட்கப்பட்டிருப்பீங்க, கக்கூஸு. கேசட் டாய்லெட்னு கழட்டித் தூக்கிட்டுப் போயி ஊத்துற மாதிரி வருது, அது போதும். அத செப்டிக் டேங்க் உள்ள கக்கூஸுல கேட்டு ஊத்தணும். அடுத்த மாநிலத்து குப்பையும் ஆஸ்பத்திரிக் கழிவும் நம்ம எல்லைக்குள்ள வந்து கொட்டுறாங்கன்னு நாம எத்தனை போராட்டம் பண்ணியிருக்கோம், நம்ம வண்டி போயி அங்க ஓடைல ஊத்திட்டு வரலாமா.

ஏனுங்ணா, சோலார் போட்டு ஏசி ஓட்டிரலாமுங்களா? யூட்யூப்ல ஓட்டறாங்கங்க.
— கோபாலபுரம் (பொள்ளாச்சி) வாசகர்

ஓட்டுறாங்க, எவ்ளோ நேரம் ஓட்டுறாங்கன்னு காட்ட மாட்டாங்க. கணக்கு பாத்துருவோம். பன்னெண்டு வோல்ட் லித்தியம் 200 ஆம்பியர் வச்சா ரெண்டரை யூனிட் கரண்டு கையில இருக்கு. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் தின்னும். அப்ப ராத்திரி பத்து மணிக்குப் போட்டா பன்னெண்டரைக்கு வேர்த்து எந்திரிப்பீங்க. கூரைல 330 வாட் பேனல் ரெண்டு வச்சா நல்ல வெயில் நாள்ல ரெண்டு யூனிட்டு வந்தா பெருசு, சாரல் காலத்துல கால்வாசி கூட வராது. அதே கரண்டுல சின்ன டி.சி. ஃப்ரிட்ஜ் ஒண்ணு நாளுக்கு அரை யூனிட்டு, கரண்டு கம்மியா தின்னுற 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் ரெண்டு ராத்திரி பூராம் ஓடுனாலும் அரை யூனிட்டு, லைட்டு போன் சார்ஜு எல்லாம் சேத்து நிம்மதியா போகும். இண்டக்‌ஷன் அடுப்பும் வேண்டாம்.

ஏசிக்குப் போடுற காசைக் கூரைல போடுங்க. பஸ்ஸு கூரை தகடு, மத்தியானம் தோசைக்கல்லுதான். உள்பக்கத் தகட்டைக் கழட்டி ஒரு இஞ்ச்சுக்குக் குறையாம சூடு தடுக்குற நைட்ரைல் ரப்பர் ஷீட்டு ஒட்டி, வெளிய வெள்ளை பெயிண்ட் அடிச்சி, கூரைல காத்தை வெளிய தள்ளுற ஃபேன் ஒண்ணு வச்சிட்டா பாதிக்குப் பாதி சூடு குறைஞ்ச மாதிரி இருக்கு. பேனல் வைக்கிறப்ப தரைல இருந்து மொத்த உயரம் 3.8 மீட்டரைத் தாண்டாம பாத்துக்கிடுங்க. இன்னொண்ணு, பெரிய பஸ்ஸுனா 24 வோல்ட், உங்க லைட்டு ஃபேன் எல்லாம் 12 வோல்ட், இன்ஜின் பேட்டரில இருந்து நேரா ஒயர் இழுத்துட்டு காலைல ஸ்டார்ட் ஆகலேன்னு எனக்கு எழுதாதீங்க. தனி பேட்டரி, நடுவுல 24ஐ 12 ஆக்கி ஏத்துற டி.சி. டு டி.சி. சார்ஜர், ஒவ்வொரு ஒயருக்கும் பியூஸ்.

அண்ணாச்சி, எங்க வீட்ல வண்டி ரெடி ஆயிட்டு இருக்கு, சமைக்கப் போறது நான்தான். உள்ளயே கேஸ் வச்சி சமைக்கறது ஆபத்து இல்லையா? ஜெனரேட்டரும் வைக்கப் போறதா சொல்றாங்க.
— புனலூர் வாசகி

தங்கச்சி, ஜெனரேட்டரை வேண்டாம்னு சொல்லுங்க, சண்டை போட்டாவது சொல்லுங்க. 2024 டிசம்பர்ல கேரளா கோழிக்கோடு பக்கத்து வடகரைல ரோட்டோரம் நின்ன கேரவன்ல ரெண்டு பேரு தூங்கினவங்க எந்திரிக்கவே இல்ல. ஜெனரேட்டர் புகைல இருந்து கார்பன் மோனாக்சைடு தரை ஓட்டை வழியா உள்ள வந்துருச்சுன்னு அப்புறம் கண்டுபிடிச்சாங்க. அந்த வாயுவுக்கு வாடை கிடையாது, கண்ணு எரியாது, அதனால தெரியாது. ஏசியப் போட்டு ஜன்னலை அடைச்சிட்டு படுக்கறதும் ஜெனரேட்டரும் ஒண்ணாச் சேரவே கூடாது. இன்ஜினை ஓட விட்டுட்டு தூங்குறதும் அதே மாதிரிதான். கார்பன் மோனாக்சைடு அலாரம்னு சின்னப் பெட்டி வருது, படுக்கை பக்கத்துல ஒண்ணு மாட்டச் சொல்லுங்க. தரைல ஒயருக்கு, பைப்புக்கு போட்ட ஓட்டை ஒண்ணு விடாம அடைக்கணும்.

கேஸு வைக்கலாம், மரியாதையா வைக்கணும். 2023 ஆகஸ்ட் 26 காலைல மதுரை ஸ்டேஷன்ல நின்ன சுற்றுலா ரயில் பெட்டில சிலிண்டர் வச்சி சமைக்கப் போயி ஒம்பது பேரு செத்தாங்கல்ல, அந்தப் பெட்டி உங்க ஊரு புனலூர் – மதுரை ரயிலோட சேந்து வந்ததுதான். கதவைப் பூட்டின பெட்டி, உள்ள கேஸு, வேற என்ன நடக்கும். சிலிண்டர் அஞ்சு கிலோ போதும், படுக்க வைக்காம நிமிர்த்தி வச்சி பெல்ட் போட்டு இறுக்கணும். கேஸு காத்தை விட கனம், கசிஞ்சா தரைல போயி தேங்கும், அதனால சிலிண்டர் பெட்டிக்கு அடில வெளிய பாத்து ஓட்டை வேணும், மேல வச்சா பிரயோஜனம் இல்ல. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்கணும். முக்கியமா அந்த எமர்ஜென்சி கதவு, நிறைய பேரு அதுக்கு முன்னாடிதான் கட்டிலைப் போடுதாவ, நல்ல இடமா இருக்குன்னு. அத மறைக்க விடாதீங்க. அணைக்குற சிலிண்டர் ஒண்ணு அடுப்புப் பக்கம் இல்ல, வாசல் பக்கம். அடுப்புல தீப்பிடிச்சா தீயத் தாண்டிப் போயா எடுப்பீங்க.

கார் லைசென்ஸ் வச்சே ஓட்டலாமா?
— சங்கரன்கோவில் வாசகர்

மொத்த எடை, அதாவது ஆர்.சி.ல போட்ருக்கிற ஜி.வி.டபிள்யூ., 7,500 கிலோவுக்குள்ள இருந்தா எல்.எம்.வி., அதான் உங்க கார் லைசென்ஸு, போதும், 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் அத தெளிவாச் சொல்லிருச்சு. அதுக்கு மேலன்னா ஹெவி எடுக்கணும். சின்ன வண்டி வாங்குங்கன்னு நான் கத்துறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஆனா லைசென்ஸு இருக்குன்னு நேரா மலைக்குப் போகாதீங்க, ஒரு மாசம் தென்காசி சங்கரன்கோவில் ரோட்டுல காலி வண்டிய ஓட்டுங்க. மலைல எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்கணும், பிரேக்கை மிதிச்சிக்கிட்டே இறங்குனா டிரம் சூடாகி அப்புறம் மிதிச்சாலும் பிடிக்காது.

நாம போகாத நாள்ல வாடகைக்கு விட்டா இ.எம்.ஐ. வந்துருமே?
— போடி வாசகர்

சொந்த உபயோகத்துக்குப் பதிஞ்ச வண்டிய வாடகைக்கு விடக்கூடாது, பிடிச்சா வண்டி உள்ள போயிரும். அதுக்கு வேற பதிவு, பெர்மிட், வேற டாக்ஸ். கேரளா 2021ல கேரவன் டூரிசம்னு ஆரம்பிச்சி அடுத்த வருசம் வாகமண்ல பார்க்கும் திறந்தாங்க, யாவாரமா பண்ணணும்னா அந்த வழியா முறையா போங்க. இ.எம்.ஐ. போட்டு பழைய பஸ்ஸு வாங்குறதே எனக்குப் பிடிக்கல, அது தனி விஷயம்.

மழை பெய்தா உள்ள சொட்டுது அண்ணாச்சி, எம்-சீல் அடைச்சி அடைச்சி கை ஓஞ்சு போச்சு.
— மேக்கரை வாசகர்

குத்தால சாரல் இருக்கே, அது மழை மாதிரி மேல இருந்து மட்டும் வராது, சைடுல இருந்து வரும், கீழ இருந்து கூட வரும். பஸ்ஸு ஓடும்போது பாடி முறுக்கும், எம்-சீல் கல்லு மாதிரி இறுகுற சாமான், முறுக்குனா விரிசல் விட்டுரும். காஞ்சாலும் ரப்பர் மாதிரி வளையுற பி.யூ. சீலன்ட் வாங்கி, பழைய ரிவெட்டு பூராம் கழட்டி புதுசு அடிச்சி, ஒவ்வொரு தலைக்கும் சீலன்ட் வைங்க. ஜன்னல் ரப்பரை பட்டி பாக்காதீங்க, மாத்துங்க. மர வேலைக்கு முன்னாடி ஒரு தடவை ஹோஸ் வச்சி அரை மணி நேரம் வண்டி மேல பீச்சி அடிச்சி உள்ள ஒருத்தர் டார்ச்சோட உக்காந்து பாக்கணும். நீங்க மர வேலை முடிச்சிட்டீங்க போல, கூரை மூலைல ஒரு பலகையக் கழட்டிப் பாருங்க, உள்ள ஊறிப் போயிருக்கும்.

மறைக்காம சொல்லுங்க, மொத்தம் எவ்ளோ ஆச்சு? ராத்திரி எங்க நிறுத்துவீங்க? வீட்டம்மா என்ன சொல்றாவ?
— செங்கோட்டை வாசகர் (உங்க தெருதான்)

நம்ம தெருன்னா உங்களுக்கே தெரியுமே, இருந்தாலும் சொல்லுதேன். வண்டி 3,40,000. டயர் ஆறும் மாத்துனது 84,000. கிளட்ச், பிரேக், பட்டை, இன்ஜின் சில்லறை வேலை 60,000. மரம், மெத்தை, கூரை ஷீட்டு 1,40,000. சோலார் பேட்டரி ஒயரிங் 1,35,000. தண்ணி, கக்கூஸு 45,000. பேப்பர், டாக்ஸு, எஃப்.சி., இன்சூரன்ஸு 70,000. ஆக 8,74,000. இதுல என் கூலி இல்ல, ஆள் வச்சி பண்ணுனா இன்னும் ரெண்டு மூணு லட்சம் வச்சிக்கிடுங்க. வண்டி விலைய விட அதுக்குப் பின்னாடி ஆகுற செலவு ஒன்றரை மடங்கு, இத வாங்குறதுக்கு முன்னாடி யாரும் எனக்குச் சொல்லல, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

நிறுத்துறது பெட்ரோல் பங்குல கேட்டு, கோயில் மைதானத்துல கேட்டு. ஆரியங்காவு அச்சன்கோவில் பக்கம் ஐயப்ப சீசன் இல்லாத நாள்ல இடம் சும்மாத்தான் கிடக்கு, கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. கார்த்திகை மார்கழில மட்டும் அந்தப் பக்கம் போயிராதீங்க, தை பொறந்தப்புறம் போங்க. காட்டுக்குள்ள, தென்மலை செந்தூர்ணி சரணாலயத்து ரோட்டோரத்துல நிறுத்திப் படுக்கக்கூடாது, ஆனையும் வரும் ஃபாரஸ்ட்டுக்காரரும் வருவாரு.

வீட்டுக்காரி முதல் ஒரு வருசம் பஸ்ஸுப் பக்கமே வரல. வீட்டை வித்துட்டு இதுல குடியிருக்கப் போறேன்னு நினைச்சிட்டா. எஸ் வளைவுல சாயா போட்ட அன்னைக்குத்தான் மனசு மாறுச்சுன்னு நினைக்கேன், அவகிட்ட கேட்டா இல்லைங்கா. இப்ப புக்கு அவ பேர்லதான் இருக்கு, பீரோல வச்சிப் பூட்டிட்டா. போன வாரம் பதிமூணு கண்ணறை ரயில் பாலத்துக்கு எதுத்தாப்புல வண்டிய நிறுத்தி ரயில் போறத பாத்துட்டு இருந்தோம், பின்னாடி ஜன்னல் ஒண்ணு கடகடன்னு ஆடுது, ரப்பர் மாத்தணும்னு மூணு மாசமா சொல்லிட்டு இருக்கா, இன்னும் மாத்தல.